மெஷின் நின்ற பிறகு: சிங்கப்பூரில் ஐந்து நாள்

முதல் நாள், வியாழன்

வந்த காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மேஜையில் இரண்டு மாதமாக ஒரு கொட்டேஷன் கிடக்கிறது. ஒரு ரோபோ கை, அதன் நுனிக்கு ஒரு பிடிப்பான், சுற்றிலும் கம்பி வேலி, கொண்டுவந்து பொருத்திக் கொடுக்கும் கூலி. கூட்டுத் தொகையை இன்னும் வீட்டில் சொல்லவில்லை.

கோவை கணபதியில் எனக்கு ஒரு சின்ன ஒர்க் ஷாப். ஐந்து சி.என்.சி. லேத் (கம்ப்யூட்டர் சொல்படி இரும்பைக் கடையும் மெஷின்), இரண்டு வி.எம்.சி. (அதே மாதிரி, மேலிருந்து குடையும் மெஷின்). பம்ப் உதிரியும் வால்வும் அடுத்தவர் ஆர்டருக்குச் செய்து கொடுக்கும் ஜாப் ஒர்க். மூலையில் அப்பா காலத்துப் பழைய லேத் ஒன்றும் நிற்கிறது. ஆர்டர் எதுவும் அதில் ஓடுவதில்லை, விற்கவும் மனம் வரவில்லை. யாரும் தொடாத அந்த லேத் துருப்பிடிக்காமல் எப்படி இருக்கிறது என்பது வேறு புதிர். ஆர்டர் இருக்கிறது, ஆள்தான் இல்லை. உள்ளூர்ப் பையன்கள் இந்தப் பக்கம் வந்து பத்து வருஷம் ஆகிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வருகிறவர்கள் ஊருக்குப் போனால் பாதிப் பேர் திரும்புவதில்லை. "இந்தக் கை வந்துட்டா மூணு மெஷினுக்கு ஒரு ஆள் போதுங்க சார்" என்கிறார் விற்க வந்த தம்பி.

என் மச்சினன் பதினேழு வருஷமாகச் சிங்கப்பூரில் இருக்கிறான். துல்லிய உதிரிகள் செய்யும் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ். "இங்க வந்து பார்த்துட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்க மாமா" என்றான். அதான் கிளம்பிவிட்டேன்.

சாங்கியிலிருந்து அவன் வீடு இருக்கும் பூன் லே வரைக்கும் ரயில்தான். தீவின் கிழக்கு முனையிலிருந்து ஏறக்குறைய மேற்கு முனை. பாதித் தூக்கத்தில் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தேன். "இந்த லைன்ல டிரைவர் உண்டு. ஞாயித்துக்கிழமை லிட்டில் இந்தியா போறப்ப ஏறப்போற லைன்ல கிடையாது" என்றான். வடகிழக்குப் பாதையில் 2003-ல் தொடங்கிய நாளிலிருந்தே ஓட்டுநர் இல்லையாம். 2003-ல் நாங்கள் முதல் சி.என்.சி.யை வாங்கி, அதற்குத் தேங்காய் சுற்றி உடைத்துக்கொண்டிருந்தோம்.

இரண்டாம் நாள், வெள்ளி

மச்சினன் லீவு போட்டிருந்தான். காலையில் அப்பர் புக்கித் தீமா சாலையில் இருக்கும் பழைய ஃபோர்டு தொழிற்சாலை. 1942 பிப்ரவரி 15-ம் தேதி பிரிட்டிஷ்காரர்கள் ஜப்பானியர்களிடம் சரணடைந்து கையெழுத்துப் போட்ட இடம் அது. இப்போது நினைவுக்கூடம். வருகிறவர்கள் எல்லோரும் அந்தக் கையெழுத்தைப் பார்க்கத்தான் வருகிறார்கள். பார்க்க வேண்டியதும்தான், அதில் மாற்றுக் கருத்து இல்லை. எனக்கு மட்டும் புத்தி கட்டடத்தில் நின்றது. 1941-ல் கட்டியது. தென்கிழக்காசியாவிலேயே கார் பூட்டிய முதல் ஃபோர்டு ஆலை. போர் முடிந்து மறுபடி ஓடி, 1980-ல் மூடினார்கள். அதற்குப் பிறகு நாற்பது வருஷத்துக்கு மேல் இந்த ஊரில் கார் ஆலைப் பேச்சே பெரிதாக இல்லை.

அந்தப் பேச்சை மறுபடி கிளப்பிய இடத்துக்கு மத்தியானம் போனோம். ஜூரோங் பக்கம் புலிம் என்ற பகுதி. ஹூண்டாய் 2023 நவம்பரில் திறந்த கட்டடம், ஏழு மாடி. முன்கூட்டிப் பதிந்தால் சுற்றிக் காட்டுகிறார்கள். வருஷத்துக்கு 30,000 வண்டி வரை செய்ய முடியும், சுமார் 200 ரோபோக்கள், உள்ளே நடக்கும் வேலையில் ஏறக்குறைய பாதி அவற்றுடையது. மாடியில் 620 மீட்டருக்கு வண்டி ஓட்டிப் பார்க்கும் பாதை. கார் வாங்குவதற்கான உரிமைச் சான்றிதழே ஒரு லட்சம் வெள்ளியை (சிங்கப்பூர் டாலரை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்) தொட்டுவிட்டு வரும் ஊரில் கார் ஆலை வைக்க ஒரு தைரியம் வேண்டும்.

நீளமான கன்வேயர் இங்கே கிடையாது. தனித்தனி அறை மாதிரி, செல் என்கிறார்கள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் ரோபோ, கொஞ்சம் ஆள். சாமான்களை ஓட்டுநர் இல்லாத குட்டி வண்டிகள் கொண்டுவந்து கொடுக்கின்றன. நாய் வடிவ ரோபோ ஒன்று, மனிதன் செய்து முடித்த வேலையைப் படம் எடுத்துச் சரிபார்க்கிறது. கூட வந்த பிள்ளைகளுக்கு அந்த நாய் போதுமானதாக இருந்தது.

நான் ஆட்களின் கைகளைத்தான் பார்த்தேன். கனமானதைத் தூக்குவது, ஒரே அளவில் முறுக்குவது, கண்ணாடிக்குப் பசை தடவுவது எல்லாம் ரோபோவுக்குச் சுலபம். கட்டுக் கட்டாக வரும் வயரும் ரப்பர் பட்டையும்தான் அதற்கு ஆகாது. எங்கே பிடித்தாலும் தொங்கும், வளையும், நேற்று வளைந்த மாதிரி இன்று வளையாது. கார் உலகம் முழுக்க இதே கதைதான். 2018-ல் டெஸ்லா ஆலையில் அளவுக்கு மீறித் தானியங்கியைப் புகுத்தியது தன் தப்பு என்று ஈலான் மஸ்க்கே ஒப்புக்கொண்டார். மனிதர்களைக் குறைத்து எடைபோட்டுவிட்டோம் என்றார். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து வரவழைத்ததில் இந்த வயருக்கும் பங்கு இருக்கும் என்பது என் ஊகம்.

திரும்பும்போது பஸ்ஸில் மச்சினன் ஜூரோங் கதையைச் சொன்னான். 1960-களின் தொடக்கத்தில் இங்கே சதுப்பு நிலமும் இறால் குட்டையும்தான். நிதியமைச்சர் கோ கெங் சுவீ சதுப்பைத் தூர்த்துத் தொழிற்பேட்டை போட்டார். ஆரம்பத்தில் ஆலைகள் வராமல் இடம் காலியாகக் கிடந்தது. ஜனங்கள் 'கோவின் முட்டாள்தனம்' என்று பெயர் வைத்தார்கள், அவரே அதைச் சொல்லிச் சிரிப்பாராம். அவர் கவலை ஒன்றுதான்: ஊர் முழுக்க வேலையில்லாத கைகள், அவற்றுக்கு வேலை வேண்டும். அதே ஜூரோங்கில்தான் இன்றைக்கு ஒரு வழிகாட்டி எங்களிடம் எவ்வளவு கைகள் தேவைப்படவில்லை என்பதைப் பெருமையாகச் சொல்லி முடித்திருந்தார்.

ராத்திரி பக்கத்து வீட்டு அக்கா வந்தார். சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர். "பசியாறியாச்சா தம்பி?" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தார். 1979-ல் பதினெட்டு வயசில் ஒரு அமெரிக்கச் சிப் கம்பெனியில் சேர்ந்தாராம். 1968-லிருந்தே அந்த மாதிரி கம்பெனிகள் இங்கே வரிசையாக வந்திறங்கியிருந்தன. முழுக்கப் பொம்பளைப் பிள்ளைகள்தான் லைனில்.

"எட்டு மணி நேரம் மைக்ராஸ்கோப்ல கண்ணை வச்சுக்கிட்டு இருக்கணும். தலைமுடியை விட மெல்லிசு தங்கக் கம்பி. அதைச் சிப்புல ஒட்ட வைக்கணும். ராத்திரி கனவுலயும் கம்பி வரும். அப்புறம் மெஷின் வந்துச்சு. நான் ஒட்டின மாதிரி ஆயிரம் மடங்கு வேகத்துல ஒட்டுச்சு. எங்க லைன்ல பாதிப் பேரு வீட்டுக்குப் போயிட்டாங்க."

போகாத மீதிப் பாதியில் அக்கா ஒருவர். இன்றைக்கு வேறு ஒரு கம்பெனியில் சோதனை மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். சர்க்யூட் பலகையைக் கேமரா படம் எடுக்கிறது, சந்தேகம் வந்தால் அக்காவைக் கூப்பிடுகிறது. நல்லதா கெட்டதா என்று அக்கா பொத்தானை அமுக்குகிறார்.

"நூறு தடவை கூப்பிட்டா தொண்ணூறு சும்மா கூப்பிடும். பிள்ளை அழுற மாதிரி. தூக்கத்துக்கு அழுறது, பசிக்கு அழுறது, தாய்க்குத்தானே தெரியும்?"

"அப்போ நீங்க இல்லாம அது ஓடாது."

"ஓடும். நான் அமுக்குற ஒவ்வொரு பொத்தானையும் அது எழுதி வச்சுக்குது. ரெண்டு வருஷம் முன்ன சின்ன மங்கலுக்கெல்லாம் கத்தும். இப்போ கத்துறதில்லை. நான்தான் சொல்லிக் கொடுத்திருக்கேன்."

அப்படியானால் உங்கள் வேலையை நீங்களே, என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். அக்காவுக்குப் புரிந்துவிட்டது. ஓய்வு வயதைத் தாண்டி, மறுவேலை ஒப்பந்தத்தில் இருக்கிறார். இங்கே 2022 முதல் ஓய்வு 63, முதலாளி 68 வரைக்கும் மறுவேலை தர முன்வர வேண்டும். 2026 ஜூலையிலிருந்து அது 64-ம் 69-ம். "எனக்கென்ன தம்பி, நான் முடிச்சுட்டேன். எனக்குப் பக்கத்துல ஒரு சின்னப் பொண்ணு உட்கார்ந்திருக்கா. அவளுக்குக் கம்பி ஒட்டத் தெரியாது. ஸ்கிரீன்லதான் பார்த்திருக்கா. அது என்னன்னே தெரியாம நல்லது கெட்டது எப்படிச் சொல்லுவா?"

அரசாங்கம் நாற்பது வயது தாண்டிய குடிமக்களுக்குப் புதுத் தொழில் படிக்க 2024 மே மாதம் 4,000 வெள்ளி கொடுத்ததே, என்ன படித்தீர்கள் என்று மச்சினன் கேட்டான். அது அப்படியே கிடக்கிறதாம். 2016 வாக்கில் முதலில் கொடுத்த 500 வெள்ளியில் கேக் செய்யப் படித்தார். பாண்டான் கேக் ஒரு துண்டு எங்களுக்கும் கிடைத்தது. அரசாங்கப் பணம் வீண்போகவில்லை.

மூன்றாம் நாள், சனி

இன்றைக்குத்தான் நான் வந்த வேலை. மச்சினனின் கம்பெனி. பெயர் போட வேண்டாம் என்றான்.

வாசலிலேயே தடங்கல். உள்ளே போகக் கட்டைவிரலை வைக்கச் சொன்னது கருவி. வைத்தேன், சிவப்பு. துடைத்து வைத்தேன், சிவப்பு. முப்பது வருஷம் கூலன்ட்டிலும் இரும்புச் சுருளிலும் தேய்ந்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? காவலுக்கு இருந்த பெரியவர் என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒரு நோட்டில் கையெழுத்து வாங்கி உள்ளே விட்டார். தொழிற்சாலைக்குள் போகத் தகுதியில்லாத விரல் இதுதான் என்று மச்சினன் சிரித்தான்.

உள்ளே எட்டு மெஷின், நடுவே தண்டவாளத்தில் ஓடும் ஒரு ரோபோ. ராத்திரி பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிட்டுப் போய்விடுவார்களாம். விடியும்வரை அதுவே எடுத்து வைத்து, கடைந்து, அளந்து, அடுக்கி வைக்கும். என் மேஜைக் கொட்டேஷனில் இருக்கும் கைக்கு இது தாத்தா முறை. அரைமணி நேரம் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன் என்பதை மறைக்க மாட்டேன்.

அப்புறம் மச்சினன் ஒரு கதை சொன்னான். ரோபோ வந்த புதிதில் ஒரு நாள் காலையில் வந்து பார்த்தால் ராத்திரி செய்த அத்தனையும் அளவு தப்பு. தேடித் தேடிப் பார்த்ததில் கடையும் துண்டைப் பிடித்துக்கொள்ளும் சக்கின் தாடைக்கும் துண்டுக்கும் நடுவே மயிர் மாதிரி ஒரு இரும்புச் சுருள் சிக்கியிருந்தது. துண்டு சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. ரோபோ அதைப் பற்றிக் கவலைப்படாமல் விடிய விடிய ஒரே தப்பை ஒரே மாதிரி செய்து வைத்திருக்கிறது.

இது கையில் ஓட்டுகிற எவனுக்கும் நடக்காது. துண்டை மாட்டுவதற்கு முன் ஏர் கன்னால் ஒரு ஊது, விரலால் ஒரு தடவு. என் கடையில் யாரும் யாருக்கும் இதைச் சொல்லிக் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை, எல்லோரும் செய்கிறார்கள். செய்கிறோம் என்பதே தெரியாமல் செய்வதால் ரோபோவுக்குப் புரோகிராம் எழுதியவரிடம் யாரும் அதைச் சொல்லவில்லை.

சொன்னவர் ஒரு மலேசியத் தமிழர். அங்கிள் என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். ஜொகூர் பாருவிலிருந்து விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பிப் பாலம் தாண்டி வருகிறவர். "துண்டு ஒழுங்கா உட்கார்ந்தா காத்துப் போகாது, சாய்ஞ்சா போகும். அந்த இடத்துல காத்து விட்டுப் பாருங்க" என்றாராம். இப்போது தாடைக்குப் பின்னால் சின்ன ஓட்டை வழியாகக் காற்று விடுகிறார்கள். அழுத்தம் குறைந்தால் மெஷின் ஓடாமல் நின்று மச்சினன் போனுக்குச் செய்தி அனுப்பும். புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை, மெஷின் கம்பெனிகளே தனியாக விற்கிற வசதிதான். அது இங்கே வேண்டும் என்று தெரிந்தது ஒரு விரலுக்கு.

எங்கள் ஊர்த் தறிக்காரர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஜப்பானில் சக்கிச்சி டொயோடா 1924-ல் முழுமையாக்கிய தறியின் பெருமை, நூல் அறுந்தால் தானே நிற்பது. தானே நிற்கத் தெரியாத தறிக்கு, அறுந்த நூலுக்காகவே ஒரு ஆள் காவல் நிற்க வேண்டியிருந்தது. தானே நிற்கத் தெரிந்த பிறகு ஒரே ஆள் இருபது முப்பது தறியைப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் நின்ற தறியிடம் போகிறவருக்கு நூல் முடியத் தெரிந்திருக்க வேண்டும்.

இதை நான் பெரிய ஞானம் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு இளைஞன் வந்தான். பாலிடெக்னிக் முடித்து வந்த சீனப் பையன், இருபத்துமூன்று வயசிருக்கும். மச்சினன் குரலைத் தாழ்த்தி, "மைக்ரோமீட்டர் பிடிச்சா கை நடுங்கும் மாமா" என்றான். ஆனால் போன மாதம் அந்தப் பையன்தான் கம்ப்யூட்டரில் அதிர்வுக் கோட்டைப் பார்த்து, ஐந்தாம் மெஷினில் சக்கைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலின் பேரிங் போகப் போகிறது என்று சொன்னானாம். அங்கிள் காது வைத்துக் கேட்டுவிட்டு, ஒன்றுமில்லை, நன்றாகத்தான் ஓடுகிறது என்றார். மூன்று நாள் கழித்துக் கழற்றினால் பேரிங்கில் பள்ளம். என் ஞானத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

இருந்தாலும் ஒன்று உறுத்துகிறது. அந்தப் பையனுக்கு அங்கிள் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள எந்த வேலையும் மிச்சமில்லை. துண்டு மாட்டுவது, ஊதுவது, பிசிறு தட்டுவது என்று நாங்கள் எல்லாம் ஏறிய முதல் படி அது. அதை ரோபோவுக்குக் கொடுத்துவிட்டோம். மேல்படிக்கு மட்டும் ஆள் வேண்டும் என்கிறோம். அங்கிளுக்கு அடுத்த வருஷம் வேலை முடிகிறது. அவர் தலையில் இருப்பதை எழுதி வாங்கக் கம்பெனி ஒருவரை நியமித்திருக்கிறதாம். அங்கிள் சொன்னாராம்: "கேட்டாத்தான் ஞாபகம் வரும்லா. கேக்கத் தெரிஞ்சவனை அனுப்புங்க."

நான்காம் நாள், ஞாயிறு

லிட்டில் இந்தியா. ஓட்டுநர் இல்லாத ரயிலில் முதல் பெட்டியில் நின்று, முன் கண்ணாடி வழியாகச் சுரங்கத்தைப் பார்த்துக்கொண்டே போனேன். ஐம்பத்திரண்டு வயசில் இதற்கு வெட்கப்பட்டால் எப்போது பார்ப்பது?

மேலே வந்தால் தஞ்சாவூர், புதுக்கோட்டை, சிவகங்கை. சிராங்கூன் சாலை முழுக்க ஞாயிற்றுக்கிழமைத் தமிழ். தேக்கா மார்க்கெட்டில் மட்டன் பிரியாணி, வீரமாகாளி அம்மன் கோவிலில் ஒரு கும்பிடு. புல்வெளியில் உட்கார்ந்திருந்தவர்களோடு பேச்சுக் கொடுத்தேன்.

மன்னார்குடிப் பக்கத்துக்காரர் ஒருவர், கப்பல் பட்டறையில் வெல்டர். அங்கேயும் வெல்டிங் ரோபோ வந்துவிட்டது. நேர்க்கோட்டுத் தகடுகளை அது பார்த்துக்கொள்கிறது. "நமக்கு டேங்க்குக்குள்ள, மூலைக்குள்ள, படுத்துக்கிட்டு அடிக்கிற வேலைண்ணே. அதுக்கு அந்தக் கை நுழையாது." சொல்லிவிட்டுச் சிரித்தார். நல்ல வேலையை மெஷின் எடுத்துக்கொண்டு, முதுகு உடைகிற வேலையை இவருக்கு விட்டுவைத்திருக்கிறது. மனிதன் செய்யக்கூடாத வேலையைத்தான் ரோபோ செய்யப்போகிறது என்று கண்காட்சிகளில் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன்!

ரோபோ பயமாக இல்லையா என்று கேட்டேன். அவர் பயம் வேறு. பெர்மிட். இத்தனை வருஷம்தான் வேலை பார்க்கலாம் என்று முன்பு ஒரு கணக்கு இருந்தது. 2025 ஜூலையில் அதை எடுத்துவிட்டு, 63 வயசு வரை என்று ஆக்கினார்கள். "அன்னைக்கு டார்ம்ல ரவா கேசரி செஞ்சோம்ண்ணே." டார்ம் என்றால் தொழிலாளர் விடுதி. உற்பத்தித் துறையில் ஒரு கம்பெனி மொத்த ஆட்களில் 60 சதவீதம் வரைக்கும்தான் வெளிநாட்டு ஆட்களை வைத்துக்கொள்ளலாம், தலைக்கு இவ்வளவு என்று மாதாமாதம் அரசாங்கத்துக்கு லெவி என்ற கட்டணமும் கட்ட வேண்டும். ரோபோவுக்கு லெவி கிடையாது. சிங்கப்பூர் ஆலைகளில் 10,000 தொழிலாளர்களுக்கு 770 ரோபோ, தென்கொரியாவுக்கு அடுத்து உலகத்தில் இரண்டாவது என்று 2023-ம் ஆண்டுக் கணக்கு சொல்கிறது. அந்த எண்ணுக்குப் பின்னால் பொறியியல் மட்டும் இல்லை என்பது அந்தப் புல்வெளியில்தான் எனக்கு உறைத்தது.

அவருக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்க நினைத்தேன். முந்திக்கொண்டு எனக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டார்.

ஐந்தாம் நாள், திங்கள்

துவாஸ் துறைமுகத்தைப் பார்க்கலாம் என்று மேற்குக் கடைசியான துவாஸ் லிங்க் நிலையம் வரைக்கும் போனோம். உள்ளே விட மாட்டார்கள் என்று தெரியும். வாசல் காவலைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். ஆளில்லா வண்டிகள் கன்டெய்னரைச் சுமந்து ஓடும் இடம். ஆனால் கப்பலில் கன்டெய்னரைக் கம்பி போட்டு இறுக்குகிற லாஷிங் வேலைக்கு இன்னும் ஆட்கள் ஏறுகிறார்கள். இதற்கு மேல் அங்கே பார்க்க எதுவும் கிடைக்கவில்லை, வெயில்தான் கிடைத்தது.

சாயங்காலம் சாங்கியில் பையைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது கடையிலிருந்து வாட்ஸ்அப் அழைப்பு. ஒடிசாப் பையன், சேர்ந்து எட்டு மாதம்.

"முதலாளி, மூணாம் நம்பர் மெஷின் நின்னுடுச்சு."

"என்ன அலாரம்?"

"அலாரம் இல்ல முதலாளி. நான் நிறுத்தினேன். சத்தம் சரியில்ல."

போனை ஸ்பிண்டில் பக்கத்தில் வைத்து ஒரு நிமிஷம் ஓட்டச் சொன்னேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பின்னணி இரைச்சல் என்று நினைத்து போனே மெஷின் சத்தத்தை அழித்துவிட்டு, அவன் மூச்சை மட்டும் சுத்தமாக அனுப்பிக்கொண்டிருந்தது.

"சரி, மெயினை ஆஃப் பண்ணு. சக்கைக் கையால மெதுவா சுத்து. எப்படி இருக்கு?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "உள்ள மண்ணு அரைக்கிற மாதிரி இருக்கு முதலாளி. ஒரு இடத்துல மட்டும்."

பேரிங்தான். ஓட்டாதே, காலையில் நான் வந்து பார்க்கிறேன் என்றேன். வைக்கப் போனவன், இதெல்லாம் உனக்கு யார்டா சொல்லிக் கொடுத்தது என்று கேட்டதும் தயங்கினான்.

"கோவிச்சுக்காதீங்க. மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போறப்ப மூலையில இருக்குற பழைய லேத்தை ஓட்டிப் பார்ப்பேன். ஓட்டி முடிச்சதும் துடைச்சு ஆயில் போட்டு வச்சுடுவேன் முதலாளி. தினமும்."